நகராட்சி பட்ஜெட்டில் போன வருட வருவாயோடு 10 சதவீதம் கூட்டிப் போட்டால் போதுமா?

போதாது. மதுரைப் பக்கம் திருமங்கலம், மேலூர் மாதிரி ஊர்களில் வியாபாரம் மெல்ல எழுந்துவரும்போது ஒவ்வொரு வருவாய்த் தலைப்பும் ஒவ்வொரு வேகத்தில் ஏறும். எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் போட்டால் நிச்சயமாக வளர்வது செலவு மட்டும்தான்.

சொத்துவரியில் வழக்கமான தப்பு, கேட்பையே, அதாவது கட்டச் சொல்லி விதித்த தொகையையே, வரவாக எழுதிவிடுவது. கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டை எடுத்து நடப்பையும் பழைய பாக்கியையும் பிரியுங்கள். உதாரணத்துக்கு நடப்புக் கேட்பு 4 கோடி, வழக்கமான வசூல் 70 சதவீதம் என்றால் 2.80 கோடி. பழைய பாக்கி 3 கோடியில் 20 சதவீதம் தேறினால் 60 லட்சம். ஆக, எழுத வேண்டியது 3.40 கோடி, 7 கோடி இல்லை. பாக்கியையும் வயதுவாரியாகப் பாருங்கள். கோர்ட்டில் கிடப்பது, மூடிய மில் தர வேண்டியது, இதற்கெல்லாம் சைபர்தான். வசூல் முகாம் போட்டு ஒரு வருடம் பாக்கி நிறைய வந்திருந்தால் அதை அடுத்த வருடத்துக்கு அடிப்படையாக்க வேண்டாம். தரக்கூடியவர்கள் அப்போதே தந்து முடித்திருப்பார்கள்.

வளர்ச்சி விகிதம் எடுக்கும்போது 2020-21 ஊரடங்குப் பள்ளம். 2022-23 சொத்துவரிச் சீராய்வு மேடு: அந்த முறை சென்னையையும் சேர்த்து மாநிலத்தில் வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. இரண்டில் எதை ஆரம்பப் புள்ளியாக வைத்தாலும் கணக்கு பொய் சொல்லும்.

வருட நடுவில் போடும் திருத்திய மதிப்பீட்டுக்கு டிசம்பர் வரையிலான வசூலை ஒன்பதால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள். சொத்துவரி அரையாண்டுக் கணக்கு. அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் ஊக்கத்தொகை உண்டு என்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் குவியும், பிறகு பிப்ரவரி, மார்ச்சில் குவியும். சாதாரண வருடங்களில் டிசம்பருக்குள் எத்தனை சதவீதம் வந்தது என்று பார்த்து, இந்த வருட டிசம்பர் வரையிலான வசூலை அதால் வகுங்கள். சித்திரைத் திருவிழாவை ஒட்டி வரும் தற்காலிகக் கடை வாடகையும் அப்படித்தான், முதல் காலாண்டோடு முடிந்துவிடும்.

பத்திரப்பதிவில் வரும் முத்திரைத்தீர்வை மேல்வரிக்குப் பத்திரங்களின் எண்ணிக்கையையும் சராசரி மதிப்பையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். 2017 ஜூனில் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைந்ததே, அது மாதிரி நடந்தால் பத்திரம் குறையாத இடத்திலும் வருமானம் குறையத்தான் செய்யும். வழிகாட்டி மதிப்பு கூடியதால் வந்த உயர்வை ‘மனை வியாபாரம் சூடுபிடித்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்வதும் அதே பிழை.

தொழில்வரி பலரையும் ஏமாற்றும். அரசியல் சட்டப்படி ஒருவருக்கு வருடத்துக்கு உச்சவரம்பு 2,500 ரூபாய். அந்த உச்சத்தைத் தொட்டவரின் சம்பளம் எவ்வளவு ஏறினாலும் உங்களுக்கு வரி ஒரு பைசாகூட ஏறாது. அதனால் தலை எண்ணிக்கையைப் பாருங்கள்: எத்தனை ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, பள்ளி புதிதாக ஆள் எடுத்திருக்கிறது? ஆள் எடுப்பது வியாபாரம் தேறி ரொம்ப நாள் கழித்துத்தான்.

பஸ் ஸ்டாண்ட் கடை, வாகன நிறுத்தம், கழிப்பறைக் குத்தகைக்குப் போன தடவை ஏலத்தொகையை அப்படியே ஏற்றாதீர்கள். மந்தத்தில் கேட்க ஆளில்லாமல் ஏலம் இரண்டு மூன்று தடவை தள்ளிப்போகும். காலியாக இருக்கும் மாதங்களைக் கழியுங்கள். முன்வைப்புத் தொகை திருப்பித்தர வேண்டியது, அது வருமானமே இல்லை.

மாநில நிதிக்குழு மானியம் மாநிலத்தின் சொந்த வரி வசூலோடு கட்டுப்பட்டது. பிடித்தம் போகக் கைக்கு வருவதை வைத்துத்தான் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் திட்டமிட வேண்டும். புதிய பணிகளுக்கான டெண்டரில் ஒரு பகுதியைச் செப்டம்பர் வசூலைப் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள்.