அகல டயரா, ஒடுங்கிய டயரா?

கேள்வி: தாழங்குடா மணலிலும், மழைக்காலத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் களிமண் பாதையிலும் பிக்கப் வண்டியில் சவுக்குக்கட்டை ஏற்றுகிறேன். அகலமான டயர் மாற்றலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: மணலில் அகல டயர் எடையைப் பரப்பி, புதையாமல் மேலாக ஓடும், ஆனால் வழுக்கும் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்குமானால், ஒடுங்கிய டயர்தான் சேற்றைப் பிளந்து இறங்கி அத்தரையைப் பற்றும். ஆழமான வயல்சேற்றில் இரண்டுமே புதையும். அகலத்தைவிடக் காற்றழுத்தமே முக்கியம் என்பேன்: வெறும் வண்டியில் 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால், பக்கச்சுவர் சற்றே பிதுங்கி, தரையில் படியும் தடம் நீளமாகும். கட்டை ஏற்றிய பின்னர் அவ்வாறு குறைத்து ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். ஆகவே தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பிவிட வேண்டும், அதற்கொரு சிறு கம்ப்ரசர் போதும். அகல டயரோ டீசலைக் கூடுதலாகக் குடிப்பதோடு, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கையில் மட்கார்டில் உரசவும் கூடும். வடகிழக்குப் பருவமழையில் நெடுஞ்சாலையில் தேங்கிய நீர்மேல் எளிதாக வழுக்கும். உங்கள் ஓட்டத்திற்குக் கம்பெனி அளவிலேயே, ஆழமான பட்டன் (தரையைப் பற்றும் ரப்பர் மேடுகள்) உள்ள டயர் போதும். வாங்கும்போது, பக்கச்சுவரில் பொறித்துள்ள சுமைக்குறியீடு (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழைய டயரினதைவிடக் குறையாதிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.