வாரண்டி இருக்கிறதே, இன்சூரன்ஸ் எதற்கு?

கேள்வி: திருமணங்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். 2 கேமரா பாடி, 3 லென்ஸ், ஒரு ஃபிளாஷ் வைத்திருக்கிறேன். கேமராவுக்கு வாரண்டி இருக்கிறது, வீட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸும் இருக்கிறது. தனியாக ஒரு பாலிசி வேண்டுமா?

பதில்: கண்டிப்பாக வேண்டும். வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். கை தவறி விழுந்தாலோ தண்ணீர் புகுந்தாலோ அது உதவாது. வீட்டுப் பாலிசியோ, பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கானது. சம்பாதிக்கப் பயன்படுத்தும் கருவி என்றால் பல பாலிசிகள் ஏற்பதே இல்லை. விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்கு' என்று எழுதினால் பிரீமியம் குறையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்யாண வேலையில் உடைந்த கேமராவுக்குப் பணம் கேட்கும் அன்று அந்த ஒரு சொல்லே உங்களுக்கு எதிராக நிற்கும்.

என் அனுபவம் ஒன்று. டிரைபாடின் ஒரு கால் சரியாகப் பூட்டவில்லை. கேமரா, லென்ஸ் முன்பக்கமாகப் பாறையில் சாய்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஃபில்டர் வளையம் நெளிந்திருந்ததே தவிர, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோது இடது ஓரம் கூர்மையாகவும் வலது ஓரம் மங்கலாகவும் இருந்தது. மவுன்ட், அதாவது லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையம், ஒரு துளி சாய்ந்துவிட்டது. அடுத்த நாள் வேலை இருந்ததால் உடனே ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டேன். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது காட்டுவதற்குச் சேதமும் இல்லை, கழற்றிய பாகமும் இல்லை. கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய அடி. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: விழுந்த இடத்திலேயே நாலைந்து படம் எடுங்கள், அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், அவர்கள் சரி என்ற பிறகே ஸ்குரூவைத் தொட விடுங்கள். மாற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பாலிசியில் முதலில் படிக்க வேண்டியது எவையெல்லாம் சேராது என்ற பக்கத்தைத்தான். தேய்மானம், பூஞ்சை, தானாக வந்த எலக்ட்ரானிக் கோளாறு ஆகியவை வழக்கமாகச் சேராது. திருட்டில்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். காருக்குள் பையை வைத்துவிட்டுப் போனால், 'ஆளில்லாமல் விட்டது' என்று பல பாலிசிகள் கைவிரித்துவிடும். சில, பூட்டிய டிக்கியில் இருந்து, உடைத்து எடுத்த அடையாளமும் இருந்தால் தரும். எப்படிப் போனது என்றே தெரியாமல் காணாமல் போனால் இன்னும் சிக்கல். 'தொலைந்து போவதும்' சேருமா என்று தனியாகக் கேளுங்கள். திருட்டு என்றால் போலீஸ் புகார் நகல் இல்லாமல் ஒன்றும் நகராது.

அப்புறம், தொகை. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கப் பாதி மதிப்புக்கு இன்சூர் செய்தால், சேதத்திலும் பாதிதான் தருவோம் என்ற விதி பல பாலிசிகளில் உண்டு. ஒரு லென்ஸ் மட்டும் உடைந்தால்கூட இந்தக் கணக்குதான். இன்று புதிதாக வாங்கினால் என்ன ஆகுமோ அதைப் போடுங்கள். பழசுக்குப் புதுசு தருவார்களா, தேய்மானம் கழிப்பார்களா, நம் கைப்பணம் முதலில் எவ்வளவு போக வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

பில்லும் சீரியல் நம்பரும் இன்றே ஓரிடத்தில் சேரட்டும். ஒவ்வொரு கருவியையும் நம்பர் தெரியும்படி படம் எடுத்து, கேமராப் பையில் இல்லாத வேறு இடத்தில் வையுங்கள். பல கேமராக்கள் தங்கள் சீரியல் நம்பரைப் படக்கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். பில் தொலைந்தவர்களுக்கு, அந்தக் கேமராவில் எடுத்த பழைய படங்கள் ஒரு சான்றாக உதவும்.

உங்கள் உதவியாளர் கையில் இருக்கும்போது விழுந்தால்? வாடகைக்கு எடுத்த லென்ஸ் உடைந்தால்? வெளிநாட்டில் ஒரு கல்யாணம் வந்தால்? இந்த மூன்றுக்கும் ஏஜென்ட் வாயால் சொல்லும் 'ஆமாம்' போதாது, எழுத்தில் வாங்குங்கள்.