காணியை விற்காதீர்கள், பிள்ளை குரலைப் படிக்கட்டும்

போன கிழமை திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு குடும்பம், மகளை எதைப் படிப்பிக்கலாம் என்று என்னிடம் கேட்க வந்தது. அம்மா ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கரகரத்த குரலில் பேசினார். மகள் இரண்டாம் தடவையும் உயர்தரம் எழுதி, பௌதிகவியலில் 'ஏ' எடுத்தும் மருத்துவபீட வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. நிலாவெளிக் காணியை விற்று வெளிநாட்டில் டொக்டருக்குப் படிப்பிக்கும்படி லண்டன் மாமா சொல்கிறாராம். முதல் பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். பிறகு, இந்த வீட்டுக்கு ஆறுதலால் பயனில்லை என்று பட்டது.

ஐயா, காணியை விற்காதீர்கள். அங்கே படித்து முடித்தாலும் இங்கே வேலை செய்ய இன்னொரு பரீட்சை இருக்கிறது. அதற்குள் காசும் கரையும், வயதும் போகும். மாமா ஆலோசனை சொல்லலாம். ஆறு வருடம் படிக்கப்போவது பிள்ளை.

பிள்ளையிடம் கேட்டேன். அம்மாவின் குரல்நாண்களில், அதாவது தொண்டையில் அதிர்ந்து குரலை எழுப்பும் இரு மடிப்புகளில், சிறு தடிப்பு என்று கிளினிக்கில் திரையில் காட்டினார்களாம். அன்றிலிருந்து 'பிராட்' என்ற, குரலை ஆராயும் இலவச மென்பொருளில் அம்மாவின் குரலைப் பதிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது.

அந்தத் தடிப்பின் கணக்கைப் பாருங்கள். பெண் குரலில் குரல்நாண்கள் செக்கனுக்குச் சுமார் 200 தடவை மோதுகின்றன. வகுப்பில் பத்து நிமிடம் குரல் எழுந்தாலே 120,000 மோதல். சத்தம் கூடக் கூட மோதலும் பலமாகிறது. அதிரும் பகுதியின் நடுவில்தான் அடி அதிகம். தடிப்பு வருவதும் அங்கேதான்.

இதை அளக்கவென்றே ஒரு துறை இருக்கிறது. 1854இல் பாட்டு ஆசிரியர் மனுவேல் கார்சியா சிறு கண்ணாடியை வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். 1957இல் பிலிப் ஃபாப்ர், கழுத்தின் இரு பக்கமும் தகடு வைத்து நுண்ணிய மின்னோட்டம் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். நாண்கள் ஒட்டும்போது மின் இலகுவாகப் பாயும், விலகினால் தடைப்படும். ஊசி குத்தாமல், தொண்டைக்குள் எதுவும் விடாமல், எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தன என்று தெரிந்துவிடும். விட்டுவிட்டு மின்னும் விளக்கில் பார்த்தால் அசைவு மெதுவாகத் தெரியும். ஆனால் அது சீரான குரலுக்குத்தான் சரி. கரகரத்த குரலில் படம் குழம்பும். அதற்கு செக்கனுக்கு 4,000 படம் எடுக்கும் கமரா வேண்டும். மோதும் விசையை நேரே அளப்பது இன்னும் கடினம். மெல்லிய உணரியை இரு நாண்களுக்கும் நடுவில் வைக்க வேண்டும். வைத்ததும் அசைவே மாறிவிடக்கூடும். அதனால் சிலிக்கோனில் செய்த செயற்கைக் குரல்நாண்களிலும் அளக்கிறார்கள். பௌதிகவியல் பிடித்த பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

வழி இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவபீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானம் நான்கு வருடப் பட்டம். அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை. தங்குமிடமும் சாப்பாடும்தான் செலவு. இடம் குறைவு, படிப்பு ஆங்கிலத்தில், பெரும்பகுதி சிகிச்சைப் பயிற்சி. ஆய்வுக்கூட அளவீட்டில் ஆழமாக இறங்குவது பிறகு, மேற்படிப்பில். இதையும் மறைக்காமல் சொன்னேன். ஆனால் தமிழில் பேசிச் சிகிச்சை தருபவர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு, வேலை காத்திருக்கிறது.

பல்கலைக்கழக அனுமதிக்கு எடுக்கும் இசட் புள்ளியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலுடன் ஒப்பிட்டுப் பார்த்து, இந்தப் பாடநெறியை விண்ணப்பத்தில் மேலே போடுங்கள். அம்மா, உங்கள் அடுத்த கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.