பயோமெட்டீரியல்ஸ் பிஎச்.டி. விண்ணப்பத்தில் 'பின்னணியும் இலக்கும்' பகுதியை எப்படி எழுதுவது?

உடம்புக்குள் வைக்கும் பொருள்களை ஆராயும் துறை பயோமெட்டீரியல்ஸ். நீங்கள் எம்.எஸ்சி. வேதியியல், ப்ராஜெக்டில் எலும்புக்கான சிட்டோசான்–ஹைட்ராக்சிஅபடைட் ஸ்கஃபோல்டு என்கிறீர்கள்; அதாவது, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமரையும் எலும்பிலுள்ள தாதுவைப் போன்ற பொருளையும் சேர்த்து, செல்கள் பற்றி வளரச் செய்த நுண்துளைச் சாரம். 'சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்' என்றுதான் தொடங்கியிருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

முதல் பத்தியிலேயே பொருள் வரட்டும். 'ஹைட்ராக்சிஅபடைட் தயாரித்தேன்' என்றால் போதாது. கால்சியம் நைட்ரேட்டையும் டைஅமோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டையும் கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் 1.67 வரும்படி எடுத்து, அமோனியா விட்டு பி.எச். 10-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டேன் என்று எழுதுங்கள். இறங்கினால் கால்சியம் குறைந்த அபடைட்தான் கிடைக்கும். அதை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டதும், எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில்) 31 டிகிரி கோணத்தின் பக்கம் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்ற வேறொரு சேர்மத்தின் பீக் தலைகாட்டும். உங்களுக்கும் வந்திருந்தால் மறைக்காதீர்கள். ஏன் வந்தது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் கைடு தேடுவார்.

சிட்டோசானும் அப்படித்தான். அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, உறையவைத்து உலர்த்திய ஸ்கஃபோல்டை சோடியம் ஹைட்ராக்சைடில் நடுநிலையாக்காமல் விட்டால், மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவத்தில்) போட்டதும் கொழகொழத்துவிடும். மிஞ்சிய அமிலம் செல்லைக் கொல்லும். பழி பொருளின் மேல் விழும். எம்டிடி என்ற நிறமாற்றச் சோதனையில் செல் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால், மருத்துவக் கருவிகளின் செல் நச்சுத்தன்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 10993-5 அதை நச்சுத்தன்மை என்றே எடுத்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் மாதிரிப் பொருள் மீடியத்தை உறிஞ்சிவிடும்; எவ்வளவு கூடுதலாக ஊற்றினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். சோதனைக்குப் பலரும் எடுக்கும் எம்ஜி-63 ஓர் எலும்புப் புற்றுச் செல் வரிசை. அது பெருகியதை 'எலும்பு வளர்ந்தது' என்று எழுதிவிடாதீர்கள்.

'இது லேப் நோட்டு, விண்ணப்பம் அல்ல' என்பார்கள் சிலர். இருக்கட்டும். எல்லாத் துறைக்கும் இப்படி எழுதச் சொல்லவில்லை. இந்தத் துறைக்குச் சொல்கிறேன்.

இலக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'ஐந்தாண்டில் ஏழைகளுக்கு மலிவான செயற்கை எலும்பு' வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தின் இதய வால்வு 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் பத்து வருடத்துக்கும் மேலான உழைப்பு, கைவிடப்பட்ட மூன்று மாடல்கள். நீலமணி டிஸ்க்கைக்கூடப் போட்டுப் பார்த்து, கடைசியில் பாலிஎத்திலீன் டிஸ்க்கில் வந்து நின்றார்கள்.

இலக்காக ஒரே கேள்வி போதும்: நனைந்தால் ஸ்கஃபோல்டின் அழுத்த வலிமை ஏன் விழுகிறது, ஜெனிபின் என்ற தாவரச் சேர்மத்தைப் போட்டு பாலிமர் இழைகளைக் குறுக்கிணைத்தால் எத்தனை வாரம் தாங்கும்? உலர்ந்த மாதிரியை அழுத்தி வந்த எண்ணை மட்டும் காட்டாதீர்கள். உடம்புக்குள் எதுவும் உலர்ந்து கிடப்பதில்லை.

கால அட்டவணை கேட்டால் பர்சேஸுக்கு மட்டும் தனியாக மாதங்கள் ஒதுக்குங்கள். மூன்று கொட்டேஷன், நாலு கையெழுத்து என்று ஃபைல் மேசை மேசையாகப் போகும். செல் வளர்க்க உறைந்த நிலையில் வரவேண்டிய சீரம் வெள்ளி மாலை கேட்டில் இறங்கி, திங்கள் காலைவரை செக்யூரிட்டி அறையில் உருகிக் கிடக்கும். இதற்கெல்லாம் எந்தக் கமிட்டியும் கூடியதில்லை. ஆராய்ச்சி தாமதமானால் மட்டும் மாணவருக்கு மெமோ.

சிட்டோசான் பாட்டில் லேபிளில் டீஅசிட்டிலேஷன் சதவீதம் (அசிட்டைல் குழுக்கள் எவ்வளவு நீக்கப்பட்டன என்ற கணக்கு) இருக்கும். அதையும் எழுதுங்கள்.