கிரியாட்டினின் சரி, புரதம் ஏன்?

கேள்வி: பத்து ஆண்டுகளாக எனக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவு சரியாக இருந்தும் சிறுநீரில் புரதம் வெளியேறுவது ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஓயாத அழுத்தம் அவற்றைத் தழும்பாக்கிப் புரதத்தைக் கசியச் செய்கிறது. நலிந்த சிறுநீரகமோ உப்பையும் நீரையும் தேக்கி, ரெனின் என்னும் நொதியைச் சுரந்து, அழுத்தத்தை மேலும் உயர்த்துகிறது. கிரியாட்டினின் தாமதமாகவே உயரும் என்பதால், புரதக் கசிவை முந்திய எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். அழுத்தத்தையும் கசிவையும் சேர்த்துக் குறைக்கும் டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற மருந்துகளில் ஒன்று உங்களுக்குப் பொருந்துமா என மருத்துவரிடம் கேளுங்கள். தொடங்கினால், சில வாரங்களில் இரத்தத்தில் பொட்டாசியம் கூடுகிறதா எனப் பரிசோதிப்பது அவசியம். உப்பைக் குறைக்க ஊறுகாயைத் துறந்தவர்கள்கூட மூட்டுவலிக்குத் தாமாகவே டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குகிறார்கள். அது அழுத்தத்தை உயர்த்துவதோடு சிறுநீரகத்துக்கான இரத்த ஓட்டத்தையும் குறைக்கும்.