ஆல்டர்நேட்டரா, பேட்டரியா, வயரிங்கா? சார்ஜ் ஏறாத கார்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: புது பேட்டரி போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. காலையில் செல்ஃப் எடுக்கவே திணறுகிறது. பேட்டரி மறுபடியும் போய்விட்டதா அண்ணா?

அளந்து பார்க்காமல் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் பாருங்கள். 12.6 வந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே என்றால் காலி. அப்புறம் ஸ்டார்ட் செய்து அதே இடத்தில் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகும் 12.3, 12.4 என்றே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, பேட்டரி பாவம். மீட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரியும் நல்லதாக இருக்கட்டும். அது தளர்ந்தால் பல மீட்டர்கள் இல்லாத வோல்ட்டைக் கூட்டிக் காட்டும்.

கேள்வி: ஹெட்லைட், ஏசி போட்டால் 12.9-க்கு இறங்கிவிடுகிறது. ஆல்டர்நேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். எஞ்சின் பெல்ட்டால் சுற்றி கரண்ட் தயாரிப்பதுதான் ஆல்டர்நேட்டர். அது கொடுப்பது வேறு, பேட்டரிக்கு வந்து சேர்வது வேறு. நடுவில் எங்கே தொலைகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

ஹெட்லைட்டும் ஏசியும் ஓடட்டும், எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் இருக்கட்டும். மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்நேட்டரின் பின்னால் தடிமனான வயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையிலும் வையுங்கள். கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், ஈயத்தின் மேலேயே வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் சரி. அடுத்து ஒரு முனை ஆல்டர்நேட்டர் உடம்பில், மற்றது பேட்டரி நெகட்டிவில். இங்கும் 0.2-ஐத் தாண்டக் கூடாது. கையும் வயரும் பெல்ட்டுக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வண்டியில் எனக்கும் இதே 12.9 வந்தது. ஆல்டர்நேட்டரை மாற்றினேன். அப்போதும் 12.9. எர்த் பக்கம், அதாவது நெகட்டிவ் பக்கம் அளந்தபோதுதான் 1.1 வோல்ட் அங்கே போவது தெரிந்தது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன், 14.0 வந்துவிட்டது. கழற்றிய ஆல்டர்நேட்டரில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு பக்கமும் சரியாக இருந்து, பெல்ட்டும் வழுக்காமல் இருந்தால் அப்போது ஆல்டர்நேட்டரைச் சந்தேகப்படுங்கள். அதிலும் பல சமயம் தேய்ந்தது கார்பன் பிரஷ் மட்டுமாக இருக்கும்.

கேள்வி: ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார், எஞ்சின் நின்றால் ஆல்டர்நேட்டர் போச்சு என்கிறார் நண்பர். செய்யலாமா?

தயவு செய்து செய்யாதீர்கள். பேட்டரி இருக்கும்வரை அது வோல்டேஜை அணை போல் தாங்கிக்கொள்ளும். ஓடும்போது கழற்றினால் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறி ஈசியூ என்னும் எஞ்சின் கம்ப்யூட்டரையும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் சாகடிக்கலாம்.

கேள்வி: 14.2 சரியாக வருகிறது. ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி!

ஆல்டர்நேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். வண்டி முழுக்க ஆறிய பிறகு ஆல்டர்நேட்டர் மேல் கை வைத்துப் பாருங்கள். எஞ்சின் சில்லென்றிருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் பேட்டரி அதன் வழியாகத்தான் கசிகிறது. எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி (மாறுதிசை கரண்ட்) வோல்ட்டில் வைத்தும் பேட்டரியில் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டையோடு கெட்டதற்கான அறிகுறி. இரண்டும் இல்லையென்றால் வேறு ஏதோ கரண்ட் இழுக்கிறது. எல்லாம் அணைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி: 15.6 காட்டுகிறது, அழுகிய முட்டை நாற்றம் வேறு.

ஓட்டாதீர்கள். ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்து பேட்டரி கொதிக்கிறது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறிக்கே வெடிக்கும். எஞ்சினை அணைத்து பானெட்டைத் திறந்து வைத்து விலகி நில்லுங்கள். ஆறும்வரை டெர்மினலில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: புது மாடல் கார். சில நேரம் 12.7, சில நேரம் 14.8. எது கோளாறு?

கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். இப்போதைய பல கார்களில் எவ்வளவு சார்ஜ் என்பதை ஈசியூதான் முடிவு செய்கிறது. வேகம் எடுக்கும்போது எஞ்சின் சுமையைக் குறைக்க வோல்டேஜை இறக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஏற்றும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள், பல வண்டிகளில் 14-ஐ ஒட்டி நிலைத்துவிடும். அப்போதும் 12.7-லேயே கிடந்தால் ஸ்கேனர் மாட்டி, ஈசியூ எவ்வளவு கேட்கிறது, ஆல்டர்நேட்டர் எவ்வளவு கொடுக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.