நறுமண எண்ணெயும் நம் சமையலும்: வாசகர் கேள்வி-பதில்

ஏலக்காயை வடித்தெடுக்கும் நறுமண எண்ணெய் பற்றிச் சென்ற முறை எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. அவற்றில் பாதி, "கொஞ்சம் விட்டேன், கசக்கிறது" ரகம். எந்த எண்ணெய், எவ்வளவு பொருளுக்கு எத்தனை சொட்டு என்று எழுதாவிட்டால் நான் என்ன பதில் சொல்வது? விவரமாகக் கேட்டவர்களுக்கு இங்கே பதில்.

ஒரு லிட்டர் பால் பாயசத்தில் நான்கு சொட்டு ஏலக்காய் எண்ணெய் விட்டேன். மருந்து வாடை அடிக்கிறது. – கும்பகோணம் வாசகி

அடிக்கத்தான் செய்யும். ஒரு சொட்டு நாலைந்து ஏலக்காய்க்குச் சமம். நீங்கள் போட்டது கிட்டத்தட்ட இருபது காய்! மறுபடியும் சொல்கிறேன், பாத்திரத்தில் நேராகச் சொட்டாதீர்கள். இந்த எண்ணெய் பாலில் கரையாது, மேலே மிதக்கும். ஒரு டம்ளரில் கசப்பு, அடுத்த டம்ளரில் ஒன்றுமே இருக்காது. வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் 10 மில்லியில் 10 சொட்டு கலந்து, கண்ணாடிக் குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாயசத்துக்கு அதில் கால் டீஸ்பூன் போதும். முந்திரி வறுத்த நெய் ஆறியதும் அதோடு கலந்து, அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதிக்கும்போது விட்டால் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும்.

போன வருஷம் வாங்கிய எலுமிச்சை எண்ணெய் இப்போது வார்னிஷ் மாதிரி வாடை அடிக்கிறது. கேக்கில் சேர்க்கலாமா? – மதுரை

தூக்கிப் போடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் பெரும்பகுதி லிமோனின் என்ற வாசனைப் பொருள். காற்றுப் பட்டால் அது கெட்டுவிடும். மூடியைத் திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்து ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். குப்பியோடு வரும் டிராப்பரின் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். உப்பிப் பிசுபிசுத்திருந்தால் ரப்பரும் எண்ணெயில் கரைய ஆரம்பித்துவிட்டது. கேக்குக்கு என்றால் பழத்தின் தோலை, வெள்ளைப் பகுதி வராமல் துருவிச் சர்க்கரையோடு விரலால் கசக்குங்கள். எண்ணெய் இருப்பதே அந்தத் தோலில்தானே!

ரோஸ்மில்க்கில் ரோஜா அத்தர்? – சேலம்

கூடாது. அத்தர் பூசிக்கொள்ளச் செய்த சரக்கு. அத்தருக்குப் பேர்போன வடநாட்டுக் கன்னோஜ் ஊரில், பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் வடித்துச் சேர்ப்பது பழைய முறை. இப்போது விலை மலிவான பலவற்றில் பாரஃபின் எண்ணெய்தான் அடிச்சரக்கு. ஒரு கிலோ அசல் ரோஜா எண்ணெய்க்குச் சுமார் நாலு டன் இதழ் வேண்டும். இருநூறு ரூபாய்க் குப்பியில் அது எப்படி இருக்கும்? சமையலுக்கென்று விற்கும் பன்னீர் வாங்குங்கள்.

மல்லிகை எண்ணெய் ஐஸ்கிரீமுக்கு? – திருச்சி

வேண்டாம். மல்லிகை வாசனையை ஹெக்ஸேன் போன்ற கரைப்பான் கொண்டு பிரிக்கிறார்கள். அது சென்ட் தொழிலுக்கான சரக்கு.

ஊட்டியிலிருந்து வாங்கிவந்த யூகலிப்டஸ் தைலத்தை, சளிபிடித்த நாலு வயதுப் பேரனுக்கு ரசத்தில் ஒரு சொட்டு விடலாமா? இயற்கைதானே? – ஈரோடு

விடவே கூடாது, அம்மா. இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் எனக்குப் பதறுகிறது. சிறு குழந்தைக்கு ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான யூகலிப்டஸ் தைலமே மயக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும், அதுவும் சில நிமிடங்களில். ஒரு சொட்டுதானே என்பீர்கள். குப்பி கொஞ்சம் சாய்ந்தால் ஒரு சொட்டு அரை ஸ்பூன் ஆகிவிடும். கூடவே விற்கும் விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம். கிட்டத்தட்ட முழுதும் மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரின் இனத்துச் சரக்கு. ஒரு டீஸ்பூனில் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமமான மருந்து இருக்கிறது. மிட்டாய் வாசனை வேறு. குழந்தை தானாகவே எடுத்துக் குடிக்கும்.

இயற்கை என்கிறீர்கள். எட்டிக்காயும் இயற்கைதான். மூட்டை மூட்டையாக இலையை வடித்துச் சின்னக் குப்பியில் அடைத்த பிறகு அது இலை இல்லை. சில கடைகளில் "உள்ளுக்கும் சாப்பிடலாம்" என்று கூசாமல் சொல்லி விற்கிறார்கள். லேபிளில் பொடி எழுத்தில் "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்று இருக்கும். சமையலுக்கு வாங்கும் எண்ணெயில் உணவுக்கானது என்ற குறிப்பும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். இல்லாதது சமையலறைக்குள்ளேயே வரக்கூடாது. நான் பார்த்த பல வீடுகளில் வனிலா எசென்ஸும் தைலமும் ஒரே பழுப்புக் குப்பியில், ஒரே தட்டில் நிற்கின்றன. இன்றைக்கே பிரித்து, தைலத்தைக் குழந்தைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் வையுங்கள். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலில் இறங்கிவிடும். குப்பியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பேரனுக்கு மிளகு ரசம் கொடுங்கள். அது போதும்.

பட்டை எண்ணெயா, பட்டை இலை எண்ணெயா, பிரியாணிக்கு எது? – வேலூர்

இரண்டும் வேண்டாம். இலை எண்ணெய் கிராம்பு வாசம் அடிக்கும், பட்டை எண்ணெய் நாக்கைச் சுடும். பட்டையையே போடுங்கள்.

சாக்லேட்டில் புதினா எசென்ஸ் விட்டால் கட்டி தட்டிவிடுகிறது. – கோயம்புத்தூர் கல்லூரி மாணவி

எசென்ஸில் உள்ள தண்ணீர்தான் காரணம். நறுமண எண்ணெய் உண்மையில் உதவும் இடம் இதுதான். உணவுத் தரப் பெப்பர்மின்ட் எண்ணெய், 200 கிராம் உருகிய சாக்லேட்டுக்கு ஒரு சொட்டு. இங்கேயும் நேராகச் சொட்டாதீர்கள். ஒரு ஸ்பூன் சாக்லேட்டில் கலந்து, அதை மொத்தத்தில் சேருங்கள். ருசி பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு இன்னும் கொஞ்சம்.